வண்டியின் பாதங்கள்

கார்த்திகை மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு 2025. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் வெள்ளை நிறச் சிறு கார் ஒன்று நின்றது. ஆவடியில் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கையில் ஒரு தாளுடன் அதனருகே நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, வண்டி கிளம்ப மறுக்கிறதா?" என்றேன்.

"வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது சாமி. டயர்தான் கவலை. பேரனுக்கு வேளாங்கண்ணியில் முடி இறக்குவதாக நேர்ச்சை. கிறிஸ்மஸ் விடுமுறையில் மகள், மருமகன், பிள்ளை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கடையில் கேட்டேன். பதினேழாயிரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் பென்ஷனில் அது எங்கே தாங்கும்? பழைய டயராக நாலு வாங்கிப் போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்."

இளங்குருவாக இருந்த நாட்களில் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு கிளைக் கிராமங்களுக்குச் சென்று, நடுவழியில் பலமுறை ஜாக்கி போட்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆதலின் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். அதன்பின் இருவரும் மழைநீர் தேங்கிய தரையில் குந்தி நான்கு டயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். படித்தோம் என்றே சொல்லுகிறேன். டயர் என்பது படிக்க வேண்டிய பொருள். அதன் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பதை வாசிக்கத் தெரிந்தவரைக் கடைக்காரர் எளிதில் ஏமாற்ற இயலாது. இந்தக் கட்டுரை அன்று நாங்கள் படித்ததைப் பற்றியது.

நம் வட்டாரத்துக்கு டயர் அந்நியமான பொருளன்று. அம்பத்தூரில் பேருந்து ஏறும் எவரும் 'டன்லப்' என்று நடத்துநரிடம் சீட்டுக் கேட்பதைக் கேட்டிருப்பார். டன்லப் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே 1959-இல் தொடங்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் அதனை நம்பி அம்பத்தூரில் வேரூன்றின. பின்னாளில் பலமுறை மூடுவதும் திறப்பதுமாக நலிந்து அந்த ஆலை நின்றுபோயிற்று. பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் நிலைத்துவிட்டது. அப்பெயருக்குரிய ஜான் பாய்ட் டன்லப் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர். தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல்தரையில் அதிராமல் ஓட வேண்டுமென்று காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதே எண்ணம் ராபர்ட் தாம்சன் என்பவருக்கு 1840-களிலேயே தோன்றியிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. நமக்கு வடகிழக்கே திருவொற்றியூரில் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகளின் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையே எம்.ஆர்.எப். நிறுவனமாக வளர்ந்தது. பலூனும் டயரும் ஒரே தத்துவந்தான்; பாரத்தைச் சுமப்பது ரப்பர் அன்று, உள்ளே அடைபட்ட காற்றே.

அந்தக் காற்றையும் காரையும் அதனுள் இருக்கும் மனிதரையும் தாங்கித் தரையைத் தொடும் இடமோ, ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை இடத்தை நம்பி நாம் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகிறோம். மழைக்காலத்தில் அந்த இடத்துக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுகிறது. டயரின் மேற்பரப்பில் நாம் 'பட்டன்' என்று சொல்லும் மேடுகளுக்கு இடையே ஓடும் பள்ளங்கள் அந்நீரைப் பக்கவாட்டில் வெளியேற்ற வேண்டும். பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றி டயர் நீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேளாது. சி.டி.எச். சாலையிலும், பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி செல்லும் சாலையிலும் மழைநாளில் தேங்கும் நீரை நினைத்துப் பார்த்தால், மொட்டை டயரின் அபாயம் தானே விளங்கும்.

புதிய கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ ஏழு எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு குறுக்கு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதுவரை காத்திருப்பதும் அறிவுடைமை அன்று. மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. பள்ளத்தில் தீக்குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, பட்டன் மட்டத்தில் நகத்தால் குறியிட்டு, பிள்ளையின் பள்ளி அளவுகோலில் வைத்துப் பார்த்தால் போதும். பெரியவரின் பேரனே அன்று எங்களுக்கு அளந்து சொன்னான்: முன் டயர்கள் நான்கு, பின் டயர்கள் ஐந்து.

"பார்த்தீர்களா சாமி, பின் டயர் இன்னும் நன்றாக இருக்கிறது" என்று பெரியவர் மகிழ்ந்தார்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் முடிவில், சிறு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. முன் டயர்களில் 0821 என்றிருந்தது. அதாவது 2021-ஆம் ஆண்டின் எட்டாம் வாரம். பள்ளம் ஒன்றில் விழுந்து பழைய டயர்கள் புடைத்துப்போனதால் அவ்வாண்டு அந்த இரண்டை வாங்கியதாகப் பெரியவர் நினைவுகூர்ந்தார். பின் டயர்களில் 1916. கார் வாங்கியபோதே வந்தவை, ஒன்பதரை வயது. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தியபோது, கோடையில் வறண்ட ஏரியின் தரைபோல நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன.

ரப்பர் ஓடித் தேய்வது ஒரு பக்கம். ஓடாமலே மூப்படைவது மற்றொரு பக்கம். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை உலர்த்திக் கடினமாக்கும். ஞாயிறு திருப்பலிக்கும் மருத்துவமனைக்கும் திருமணத்துக்கும் மட்டுமே ஓடி, மற்ற நாளெல்லாம் திறந்த வெயிலில் நிற்கும் கார்கள் நம் குடும்பங்களில் மிகுதி. அவற்றின் டயர்கள் தேய்வதற்கு முன்பே கிழமாகிவிடும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டுமென்றும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டக் கூடாதென்றும் பல உற்பத்தியாளர்களே அறிவுறுத்துகின்றனர். நம் ஊர் வெயிலில் பத்து வரை காத்திருக்கவும் எனக்குத் துணிவில்லை.

பெரியவர் சளைக்கவில்லை. "அப்படியானால் ஸ்டெப்னி இருக்கிறது. ஒருநாள் கூட ஓடவில்லை. புத்தம் புதிது. அதைப் பின்னால் போட்டு, ஒரே ஒரு டயர் வாங்கினால் போதுமல்லவா?" என்றார். டிக்கியைத் திறந்து பார்த்தோம். அதிலும் 1916. ஓடாததால் பட்டன் பளபளத்தது. வயது என்னவோ அதேதான். பஞ்சர் ஆனால் அடுத்த கடைவரை மெதுவாக ஓட்டிச் செல்ல உதவும். குடும்பத்தை ஏற்றி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல உதவாது.

இனிப் பழைய டயர் வாங்கும் யோசனை. வறுமையில் தவறென்று எதையும் எளிதில் சொல்லிவிட நான் விரும்பவில்லை. பழைய உதிரிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையை நாடிப் பயன்பெற்றோர் பலருண்டு. கதவோ கண்ணாடியோ என்றால் சரி. டயரின் முன்வரலாறு நமக்குத் தெரியாது. காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியதோ, உள்ளே இழைகள் அறுந்துள்ளனவோ, வெளியே கரும்பூச்சுப் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் மீண்டும் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. அவ்வாறு வெட்டிய இடத்தில் உள்ளிழைக்கு மேல் எஞ்சியிருக்கும் ரப்பர் மிகச் சொற்பம், வெப்பத்தில் வெடிக்கும். பேருந்து, லாரி டயர்களுக்கு மேல்ரப்பர் ஒட்டிப் புதுப்பிப்பது வேறு. அவை அதற்கென்றே வலுவாகச் செய்யப்படுபவை. சிறு காருக்கு அம்முறையை நான் சொல்லமாட்டேன்.

கணக்கும் இதற்குச் சாதகமாக இல்லை. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கும் பழைய டயர் ஓராண்டு உழைத்தால் பெரிது. இரண்டாயிரத்து எண்ணூறுக்கு வாங்கும் புதிய டயர் குறைவாக ஓடும் வண்டியில் ஐந்தாண்டு நிற்கும். ஆண்டுக்கு ஐந்நூற்று அறுபது ரூபாய். மலிவானது எது என்று பெரியவரிடமே கேட்டேன். கணக்குப் பிரிவில் பணியாற்றியவர். பதில் சொல்லாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அத்தாளில் என்ன இருந்தது? நான்கு டயர்கள், அதுவும் காரில் இருந்த அளவைவிடப் பெரியவை, நைட்ரஜன் நிரப்புதல், இன்னும் ஏதேதோ. பெரியவரின் காருக்குரிய அளவு 145/80 ஆர் 12. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது உள்ளிழைகள் குறுக்காக அமைந்த ரேடியல் வகை. 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலும், கையேட்டிலும் இதே அளவும் உரிய காற்றழுத்தமும் குறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல்லுக்கு முன் அதனை நம்புங்கள்.

எல்லாம் 12 அங்குலந்தானே என்று வாங்கிவிடுவோரும் உண்டு. 1983 டிசம்பரில் வந்து நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய மாருதி 800-க்கு 145/70 ஆர் 12. பின்வந்த ஆல்ட்டோவுக்கு 145/80 ஆர் 12. இரண்டும் ஒரே ரிம்மில் அமரும். ஆயினும் முழு உயரத்தைக் கணக்கிட்டால் முன்னது ஏறத்தாழ 508 மில்லிமீட்டர், பின்னது 537. ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு. மாருதி 800-இல் ஆல்ட்டோ டயரை மாட்டினால், வேகமானி அறுபது காட்டும்போது வண்டி அறுபத்துமூன்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். சக்கரம் முழுதாகத் திரும்பும்போது உட்புறத்தில் உரசவும் கூடும். அகலமான டயர் அழகாகத் தோன்றும். விலையும் கூடும், பெட்ரோலும் கூடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். செலவைக் குறைக்க எண்ணுவோர்க்கு அது வேண்டாத ஆடம்பரம்.

அளவுக்கு அடுத்து 74 டி என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 74 என்றால் அந்த டயர் 375 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம்வரை ஏற்றது. சீட்டிலுள்ள எண்ணைவிடக் குறைந்ததை வாங்கக் கூடாது. கூடினால் தவறில்லை, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் டயருக்கு அது கட்டாயம். 2020 ஜூன் முதல் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று ஆனபின், முன்பு மிகமலிவாகக் கிடைத்த பெயர் தெரியாத டயர்களின் வரத்து குறைந்தது. ஈரத்தில் பிடிப்பு, உருள்வதில் ஏற்படும் தடை, ஓசை ஆகியவற்றுக்கும் 2022-இல் மத்திய அரசு விதிமுறை வகுத்தது. ஆகவே நம் நாட்டில் செய்த பெயருள்ள எந்த டயரும் அடிப்படைத் தரத்தில் மோசமாக இராது. எந்த நிறுவனம் சிறந்தது என்று என்னைக் கேட்கும் வாசகர்க்கு என் விடை, எந்தக் கடையில் புதிய தேதியும் சரியான பில்லும் கிடைக்கின்றனவோ, அங்கே உள்ள நிறுவனம் என்பதே. மூன்று ஆண்டு கிடங்கில் கிடந்த டயரைப் பாதி விலைக்குத் தந்தாலும், குறைவாக ஓட்டுபவர் அதனை வாங்குவது நட்டம். அவருடைய டயர் வயதால் சாகிறதேயன்றித் தேய்வால் அன்று.

இதிலே ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. பூந்தமல்லியிலிருந்து ஒரகடத்துக்கு நாள்தோறும் காரில் வேலைக்குச் செல்லும் இளைஞர் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார். அவருக்கு நீண்ட நாள் தேயாத வகையே சிக்கனம். ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் வட்டியோடு திரும்பும். நம் பெரியவர் ஆண்டுக்கு மூவாயிரம் கூட ஓட்டுவதில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று விளம்பரப்படுத்தும் டயர் அவருக்கு எதற்கு? மெல்லிய ரப்பரில் செய்த, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் சாதாரண வகை போதும்.

விலையைப் பற்றி இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு மூவாயிரம் ரூபாய்க்கு விற்ற டயர் ஏறத்தாழ 2,765 ரூபாய்க்கு வர வேண்டும். பில் வேண்டாமென்றால் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மயங்காதீர்கள். உற்பத்திக் குறையால் டயர் புடைத்தால் அந்தப் பில்லைக் காட்டித்தான் மாற்றுக் கேட்க முடியும். நைட்ரஜனையும் விட்டுவிடலாம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு அதுதான்.

அடுத்த வாரம் பெரியவருடன் நானும் கடைக்குச் சென்றேன். இரண்டே டயர் என்றதும் கடைப் பையன் முகம் சுருங்கினான். எனினும் தேதி பார்த்து இரண்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு, "புது டயரை முன்னாடி போட்டுடலாம் சார். இன்ஜின் இழுக்கிறது முன் வீல், திருப்புறதும் முன் வீல்" என்றான். மெக்கானிக்குகள் பலரும் இவ்வாறே சொல்வர். கேட்பதற்கும் நியாயமாகத் தோன்றும். ஆனால் உண்மை மாறானது. ஈரச் சாலையில் முன் சக்கரம் பிடிப்பிழந்தால் வண்டி நேரே வழுக்கும். ஓட்டுநர் அதனை உணர்ந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தணிந்து மீண்டும் பிடிக்கும். பின் சக்கரம் பிடிப்பிழந்தாலோ, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் ஓடி, வண்டியே பம்பரமாகச் சுழலும். தேர்ந்த ஓட்டுநருக்கும் அது அடங்காது. ஆகையால் இரண்டு மட்டும் வாங்கினால் நல்லவை பின்னே இருக்க வேண்டும். இதனைப் பொறுமையாகச் சொன்னதும் பையன் தலையைச் சொறிந்துகொண்டு பின்னாலேயே மாட்டினான். 2021-ஆம் ஆண்டு டயர்கள் முன்னே நீடித்தன. வெடிப்பில்லை, பட்டனும் நான்கு மில்லிமீட்டர் இருந்தது.

ட்யூப் இல்லாத டயராகையால் வால்வு இரண்டையும் புதிதாக மாற்றச் சொன்னோம். அதற்கு ஆகும் சில ரூபாயை மிச்சப்படுத்துவோர் பிற்பாடு மெதுவாகக் காற்று இறங்குகிறதென்று அலைவார்கள். ரிம்மின் விளிம்பில் பிடித்திருந்த துருவையும் தேய்த்துவிட்டான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அடிக்கடி செல்பவர்க்கு ட்யூப் இல்லாத டயர் பெரும் நன்மை. கடைசல் பட்டறைகளின் இரும்புத் துருவலும் ஆணியும் குத்தினால் காற்று ஒரேயடியாகப் போகாமல் மெல்லக் கசியும். பட்டன் பகுதியில் பஞ்சரானால் ஒட்டிக்கொள்ளலாம். பக்கச் சுவரில் ஓட்டையானால் எவர் ஒட்டித்தந்தாலும் நம்பக் கூடாது.

வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். அது வீண் செலவன்று. டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் சக்கரக் கோணம் பிசகியிருக்கிறது. இரு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. காரணத்தைத் திருத்தாமல் புதிய டயர் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். காற்றை மாதம் இருமுறையேனும், காலையில் வண்டி ஓடிச் சூடாகுமுன் பார்க்க வேண்டும். ஓடியபின் அழுத்தம் சற்று உயர்வது இயல்பு; அதனைக் கண்டு காற்றை வெளியேற்றக் கூடாது. டயர் வெடிப்பதற்குக் காற்று மிகுதியே காரணம் என்று எண்ணி வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டுவோர் நம்மில் ஏராளம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடிந்து நிமிர்கிறது. அதனால் எழும் வெப்பமே நெடுஞ்சாலையில் அதனைப் பிளக்கிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் நாளில், முழுப் பாரத்துக்குச் சீட்டில் வேறு அளவு குறித்திருந்தால் அதன்படி அடிக்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. பழைய டயர் இரண்டையும் என்ன செய்வதென்று பையன் கேட்டான். பெரியவர் பேனாக்கத்தியைக் கேட்டு வாங்கி, இரண்டின் பக்கச் சுவரிலும் ஆழமாகக் கீறிவிட்டு, "இனி எடுத்துக்கொள் தம்பி" என்றார். வேறொருவர் வண்டியில் அவை போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அந்த யோசனை வரவில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவர் குடும்பத்தோடு வந்தார். பேரன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, வேளாங்கண்ணிப் பொரியை எனக்கு நீட்டினான். போகும்போது கடலூர் தாண்டியதிலிருந்து விடாத மழையாம். ஜனவரிப் பென்ஷன் வந்ததும் ஸ்டெப்னிக்கும் ஒரு புதிய டயர் வாங்கிவிட்டதாகச் சொல்லி, டிக்கியைத் திறந்து காட்டினார். குனிந்து எண்ணைத் தேடினேன். அதற்குள் பேரனே விரலை வைத்துப் படித்துவிட்டான்: "4825, சாமி. நாற்பத்தெட்டாம் வாரம்."